மேசை மேல ஒரு கடல் வேண்டாம், பாஸ்

இன்னும் சில மாதத்தில் நம்மில் நிறைய பேர் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு ஆபீஸுக்குள் நுழையப் போகிறோம். ஓ.எம்.ஆர்., கோயம்புத்தூர், பெங்களூரு என்று ஊர் மாறலாம். ஆனால் போய்ச் சேர்ந்த இரண்டாவது மாதமே எல்லோருக்கும் ஒரே ஆசை வரும்: நம்ம டெஸ்க் நம்ம டெஸ்க் மாதிரி இருக்கணும். ஒருத்தர் மணி பிளான்ட் வைப்பார், ஒருத்தர் கார் பொம்மை வைப்பார். இந்த லிஸ்ட்டில் இப்போது நானோ ரீஃப் டேங்க்கும் சேர்ந்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். இருபது லிட்டரில் இருந்து அறுபது லிட்டர் வரை பிடிக்கும் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், கொஞ்சம் பாறை, அதன் மேல் உயிருள்ள பவளம், ஒரு ஜோடி கோமாளி மீன். மேலே நீல வெளிச்சம் போடும் எல்.இ.டி. வீடியோவில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கடல்! மீட்டிங்கில் வாங்கிய திட்டெல்லாம் அதைப் பார்த்தால் மறந்துவிடும் என்றுதான் தோன்றும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் பவளத் தொட்டி வேண்டாம். மீன் தொட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பவளம் இருக்கும் தொட்டி, அதுவும் நம்ம ஊரில், அதுவும் ஆபீஸில் வேண்டாம் என்கிறேன். வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இதை யார் பார்ப்பாங்க? இது எங்கிருந்து வந்துச்சு? நான் வேலையை விட்டுப் போகும்போது இது எங்கே போகும்? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் போகலாம்.

முதலில் நியாயமாகப் பேசுவோம்

இது ஏன் நம்மை மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கிறது என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. ரீஃப் டேங்க் என்பது கண்ணாடிக்குள் வைத்த ஒரு கன்ட்ரோல் சிஸ்டம். மீன் கழிவில் இருந்து அம்மோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. இந்தச் சுழற்சி நிலைப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனை உள்ளே விடாமல் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டத் தண்ணீரில் இருந்து கால்சியமும் கார்பனேட்டும் எடுக்கும். எடுக்க எடுக்க நாம் திரும்பச் சேர்க்க வேண்டும். உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, வெப்பம் சுமார் 25 டிகிரி, கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். இதையெல்லாம் ஒரே கோட்டில் நிறுத்தி வைக்கணும். சென்சார், ஃபீட்பேக், கன்ட்ரோலர் என்று மூன்று வருடம் நாம் படித்தது எல்லாம் இதில் இருக்கிறது.

பவளத்தின் வாழ்க்கையும் சாதாரணமானது இல்லை. பார்க்கச் செடி, தொட்டால் கல், உண்மையில் விலங்கு. அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தில் உணவு சமைத்துப் பவளத்துக்குக் கொடுக்கும், பவளம் அதற்கு இடமும் சத்தும் கொடுக்கும். வாடகைக்கு இருப்பவரே வீட்டுக்காரருக்குச் சோறு போடும் ஏற்பாடு. இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆசை யார் தலையில் விடிகிறது என்பதுதான் என் கேள்வி.

வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை

முதல் கேள்விக்கு வருவோம். ஆபீஸ் என்பது வாரத்தில் ஐந்து நாள் இயங்கும் இடம். பவளத்துக்கு வீக்கெண்ட் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் தொட்டியில் 40 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். ஏசி அறையின் காய்ந்த காற்றில் தினம் ஒரு லிட்டர் ஆவியாகிறது என்று எடுத்துக்கொள்வோம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே உள்ளே நிற்கும். நீங்கள் வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை வரும்போது மூன்று லிட்டர் குறைந்திருந்தால் 35-ஆக இருந்த உவர்ப்பு கிட்டத்தட்ட 38 ஆகியிருக்கும். பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போனால்? 40 லிட்டர் 35 லிட்டராகும், உவர்ப்பு 40-ஐத் தொடும். திரும்பி வந்ததும் பதறிப்போய் ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றினால், ஐந்து நாளில் ஏறியது ஐந்து நிமிடத்தில் இறங்கும். பவளத்துக்கு இரண்டுமே அடிதான். கடலில் பருவம் மாறும்போது கூட இவ்வளவு வேகத்தில் எதுவும் மாறுவதில்லை.

அடுத்தது சூடு. 40 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றுவதற்குச் சுமார் 168 கிலோஜூல் போதும். அதாவது பம்பும் விளக்கும் சேர்ந்து 50 வாட் சூட்டைத் தண்ணீருக்குள் விட்டால், வெளியே சூடு போக வழியில்லாத நிலையில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஒரு டிகிரி ஏறிவிடும். பகலில் ஏசி ஓடும்போது இது தெரியாது. ராத்திரி ஏழு மணிக்கு ஏசியை நிறுத்திவிட்டு எல்லோரும் கிளம்பிய பிறகு, மே மாதச் சென்னையில் பூட்டிய கண்ணாடிக் கட்டடம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே கடலில் பவளம் வெளுக்கத் தொடங்கும். உள்ளே இருக்கும் பாசியை அதுவே வெளியே தள்ளிவிடும். சோறு போட்ட ஆளை அனுப்பிவிட்டு அப்புறம் பட்டினி.

கரன்ட் போனால் இன்னும் மோசம். 25 டிகிரியில் நல்ல தண்ணீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் கரையும். கடல் தண்ணீரில் ஏழைத் தாண்டாது. சூடு ஏற ஏற அதுவும் குறையும். இருட்டில் பாசியும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளுமே தவிரக் கொடுக்காது. பம்ப் நின்ற சின்னத் தொட்டியில் விடியும் வரை தாங்குமா என்பது அதிர்ஷ்டம். ஆபீஸில் யு.பி.எஸ். உண்டுதான். அது சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும். உங்கள் மீனுக்கு அதில் பாயின்ட் கொடுக்க ஃபெசிலிட்டி டீமிடம் மெயில் போட்டுப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று.

இதெல்லாம் போக, ஆபீஸ்களில் சனிக்கிழமை ஒரு சடங்கு உண்டு: பெஸ்ட் கன்ட்ரோல். கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். மருந்து அடிக்க வருபவருக்கு உங்கள் டெஸ்க்கில் ஒரு கடல் இருப்பது தெரியாது. தெரிந்தாலும் அதை மூடி வைப்பது அவர் வேலை இல்லை.

“ஆட்டோ டாப்-அப் வெச்சா போச்சு, சில்லர் வெச்சா போச்சு” என்று நமக்குள் இருக்கும் எஞ்சினியர் சொல்வார். வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கருவியும் கெட்டுப்போக ஒரு புது வழி. டாப்-அப் சென்சாரில் பாசி படிந்து சிக்கிக்கொண்டால் வாளியில் இருக்கும் மொத்த நல்ல தண்ணீரும் தொட்டிக்குள் போகும், மிச்சம் கார்பெட்டில் போகும். வீட்டில் என்றால் அம்மாவாவது பார்த்துவிட்டு போன் பண்ணுவார். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் யார் இருக்கிறார்கள்?

தண்ணி ஊத்தறது யாரு?

இதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. செக்யூரிட்டி அண்ணன் பார்த்துப்பார். ஹவுஸ்கீப்பிங் அக்கா பார்த்துப்பாங்க.

இந்தப் பழக்கம் இந்தப் பொழுதுபோக்கோடு கூடவே பிறந்தது. 1846-ல் ஆனா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டார்க்கீ கடற்கரையில் இருந்து கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வீட்டில் உயிரோடு வளர்த்தார். கடல் தண்ணீரை வீட்டுக்குள் நீண்ட நாள் சமநிலையில் வைத்துக் காட்டிய முதல் சிலரில் அவரும் ஒருவர். அப்போது மின்சார பம்ப் கிடையாது. தண்ணீரில் காற்று கலக்க, திறந்த ஜன்னல் முன்னால் நின்று அதை ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. ஊற்றியது யார்? அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. வரலாற்றில் நிற்பது எஜமானியின் பெயர்தான்.

சுமார் 180 வருடம் கழித்து நாமும் அதையே செய்யப் போகிறோமா? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பது போல, ஆசை நமக்கு, வேலை இன்னொருத்தருக்கு. கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் அந்த அக்காவின் வேலைப் பட்டியலில் உங்கள் தொட்டி இருக்காது. ஆனால் மீன் செத்தால் “நேத்து யாரு இங்க தொடச்சது?” என்ற கேள்வி அவங்களிடம்தான் முதலில் போகும்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினையும் கூட. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் “சுலபமா வளரும்” என்று வாங்கும் ஸோவாந்திட் வகைகளில் சிலவற்றில் பேலிடாக்ஸின் என்ற நச்சு இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நச்சுகளில் அதுவும் ஒன்று. அந்தப் பாறையைக் கொதிக்கும் நீரில் போட்டாலோ, காயவைத்துத் தேய்த்தாலோ நச்சு காற்றில் ஏறும். அமெரிக்காவின் அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை வீடுகளிலும் மீன் கடைகளிலும் இப்படி மூச்சு வழியாகப் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமே அறிக்கை வெளியிட்டது. நீங்கள் லீவில் இருக்கும்போது “தொட்டி அழுக்கா இருக்கே” என்று நல்ல மனதோடு சுடுதண்ணீர் ஊற்றித் தேய்க்கப் போகிறவரிடம் இதை யார் சொல்லி வைப்பது? ஏசி ஹாலில் அந்தக் காற்று எத்தனை பேரைச் சுற்றி வரும்?

எங்கிருந்து வந்துச்சு?

இரண்டாவது கேள்வி. இதில்தான் எனக்கு விஷயம் ரொம்பப் பக்கத்தில் வருகிறது, ஏனென்றால் பவளம் நமக்கு வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை. ராமேஸ்வரத்தில் இருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986-ல் அது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பவளத்தைத்தான் பல வருடங்கள் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் வண்டி வண்டியாக வெட்டி எடுத்தோம். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. பாறை வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். மிச்சம் இருந்த பவளத்தையும் 2010-லும் 2016-லும் கடல் சூடு வெளுக்க வைத்தது.

2001-ல் பாறை கட்டும் கடின பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவற்றை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. இதில் குற்றம் நிரூபணமானால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை. டெஸ்க்கில் புலிக்குட்டி வைப்பீர்களா என்று யாராவது கேட்டால் சிரிப்போம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன.

“கடையில விக்கிறாங்களே?” என்று கேட்கலாம். கடையில் கிடைப்பது எதற்கும் அத்தாட்சி இல்லை. “இது இம்போர்ட் பண்ணது” என்று சொன்னால் காகிதத்தைக் கேளுங்கள். உலகத்தில் உள்ள எல்லாக் கடின பவளங்களும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஏற்றுமதி செய்த நாட்டின் அனுமதி இல்லாமல் அவை எல்லை தாண்டவே முடியாது. காகிதம் கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இங்கே இன்னொரு விஷயம் உறுத்துகிறது. பாம்பன், மண்டபம் பக்கம் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையில் இருக்கும் பாசியைக் கையால் பறித்து, கரைக்குக் கொண்டுவந்து காயவைத்து விற்பார்கள். தேசியப் பூங்கா வந்த பிறகு தீவுப் பக்கம் போக அவர்களுக்குக் கட்டுப்பாடு வந்தது, வனத்துறையோடு தகராறும் வந்தது. பிறகு அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி பரிசு கிடைத்தது.

அந்தக் கடலை நம்பியே வாழ்கிறவர்கள் தங்கள் வருமானத்தைக் குறைத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுக்கிறார்கள். அதே மாநிலத்தில், அந்தக் கடலால் ஒரு வேளைச் சோற்றுக்குக் கூடக் கவலைப்பட வேண்டாத நாம், கீபோர்டு பக்கத்தில் அழகுக்காக ஒரு துண்டு வேண்டும் என்கிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. நமக்கு உப்பிட்டதே அந்தக் கடல்தான், தூத்துக்குடி உப்பளம் இல்லாத சமையலறை இங்கே எத்தனை இருக்கும்?

எங்கே போகும்?

மூன்றாவது கேள்வி. ஆபீஸில் எதுவும் நிரந்தரம் இல்லை. டீம் மாறும், ஃபுளோர் மாறும், ஒரு நாள் வொர்க் ஃப்ரம் ஹோம் என்று மெயில் வரும். இரண்டு வருடத்தில் நாமே கம்பெனி மாறுவோம். ஆனால் நல்லபடியாக வளர்த்தால் ஒரு ஜோடி கோமாளி மீன் பத்து வருடத்துக்கு மேல் வாழும். பவளம் அதைவிட. நோட்டீஸ் பீரியடில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க ஃபார்ம் உண்டு. கடலைத் திருப்பிக் கொடுக்க ஃபார்ம் எங்கே?

அப்போது வரும் யோசனை எல்லோருக்கும் ஒன்றுதான். “பீச் பக்கத்துலதானே இருக்கு, கொண்டுபோய் விட்டுடலாம்.” தயவுசெய்து வேண்டாம். 1984-ல் மொனாக்கோவில் கடலியல் அருங்காட்சியகத்தின் பக்கத்துக் கடலில் காலெர்ப்பா என்ற பாசி ஒரு சதுர மீட்டர் அளவில் இருப்பதைப் பார்த்தார்கள். அக்வேரியத்தில் அழகுக்காக வளர்த்த பாசி அது. சில வருடங்களில் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவி, அடியில் இருந்த கடற்புல்லை மூடியது. அதே பாசி 2000-ல் கலிஃபோர்னியாவில் தென்பட்டபோது, அதை ஒழிக்க ஆறு வருடமும் பல மில்லியன் டாலரும் செலவானது. இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த லயன் ஃபிஷ் இன்று கரீபியன் முழுக்க அங்குள்ள சின்ன மீன்களைத் தின்றுகொண்டிருப்பதற்கும் அக்வேரியம்தான் வழிவிட்டது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

நம்ம ஊரிலும் இதற்கு ஒரு சொந்தக்கார உதாரணம் உண்டு. தொழிலுக்காகப் பாக் ஜலசந்திப் பக்கம் வளர்க்கக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற வெளியூர்ப் பாசி, குருசடைத் தீவின் பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்திருப்பதாக 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதைத் திட்டமிட்டு வளர்த்தவர்களாலேயே கட்டுப்படுத்த முடியவில்லை. பக்கெட்டில் எடுத்துப்போய்ப் பெசன்ட் நகரில் ஊற்றும் நமக்கு என்ன கட்டுப்பாடு இருக்கும்?

“ஆனா பாஸ்…”

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய நல்ல வாதங்களும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போக விரும்பவில்லை.

ஒன்று: “வெளிநாட்டில் பவளத்தைத் துண்டு போட்டு வளர்த்துத்தானே விற்கிறார்கள்?” உண்மை. பவளத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி ஒட்டினால் அது தனியாக வளரும். ஒரு தாய்ப் பவளத்தில் இருந்து நூற்றுக்கணக்கில் எடுக்கலாம், கடலைத் தொடவே வேண்டாம். ஆனால் அங்கேயும் எல்லாமே வளர்ப்புப் பவளம் இல்லை. உலகத்துக்கே அதிகம் அனுப்பும் இந்தோனேசியா 2018-ல் பவள ஏற்றுமதியை மொத்தமாக நிறுத்தி 2020-ல்தான் திரும்பத் திறந்தது. நம்ம நாட்டில் கடின பவளத்தை வளர்த்து விற்க அப்படி ஒரு சந்தைக்கே சட்டத்தில் இடம் இல்லை. ஆக அங்கே நியாயமாக இருக்கக்கூடிய ஒன்று இங்கே நியாயமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டு: “பார்த்தால்தானே அக்கறை வரும்?” இது எனக்குப் பிடித்த வாதம். ஆனால் டெஸ்க் தொட்டியைப் பார்த்து எத்தனை பேருக்குக் கடல் மேல் அக்கறை வந்தது, எத்தனை பேருக்கு இன்னொரு தொட்டி மேல் ஆசை வந்தது? 2003-ல் வந்த “ஃபைண்டிங் நீமோ” ஒரு மீனைத் தொட்டியில் அடைக்காதே என்று கெஞ்சும் படம். அதைப் பார்த்துவிட்டு உலகமே கோமாளி மீனை நீமோ என்று பெயர் சொல்லிக் கடையில் கேட்கிறது. பார்த்தால் அக்கறை வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மூன்று: “ஒரு தொட்டியால் என்ன ஆகிவிடும்?” ஒரு தொட்டியால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் ஆபீஸில் ஒன்று வைத்தால் ஒன்றோடு நிற்பதில்லை. பக்கத்து க்யூபிக்கிள் கேட்கும், அப்புறம் ரிசப்ஷனில் பெரிதாக ஒன்று வரும்.

அப்போ என்னதான் பண்றது?

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது அட்வைஸ். அதனால் செய்யக்கூடியதையும் சொல்கிறேன்.

டெஸ்க்கில் உயிருள்ள ஏதாவது வேண்டுமென்றால் நல்ல தண்ணீர்த் தொட்டி வையுங்கள். நீர்ச்செடிகள், கொஞ்சம் கப்பி, போதும். தண்ணீர் ஆவியானாலும் உவர்ப்புத் தலைவலி இல்லை, வெப்பம் இரண்டு டிகிரி ஏறி இறங்கினாலும் தாங்கும், இரண்டு நாள் சாப்பாடு போடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. சென்னை கொளத்தூர் சுற்று வட்டாரத்தில் இந்த மீன்களை வளர்த்தே பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. உங்கள் காசு கடலில் இருந்து பிடித்த மீனுக்குப் போகாமல் அவர்களுக்குப் போகும். சாவி மாதிரி, தொட்டிக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். அது நீங்களாக இருங்கள், அக்காவாக வேண்டாம்.

உப்புத் தண்ணீர்தான் வேண்டும் என்று மனசு அடம் பிடித்தால் அதை வீட்டில் வையுங்கள். பவளம் இல்லாமல், கடலில் பிடிக்காத, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனோடு வையுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞத்திலும் இந்த மீன்களைக் கூண்டில் வைத்தே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. “இது ஹேட்சரி மீனா?” என்று கேட்டு வாங்கும் ஒவ்வொரு ஆளும் அந்த வழிக்கு ஒரு ஓட்டு.

பவளத்தைப் பார்க்கணுமா? கடலுக்கே போங்கள். ஏர்வாடி பக்கம் பிச்சைமூப்பன் வலசையில் வனத்துறையே படகுச் சவாரி நடத்துகிறது. கோவாவுக்குப் பிளான் போட்டு கேன்சல் ஆகும் க்ரூப்புகளே, ராமநாதபுரத்துக்கு ஒரு பிளான் போடுங்கள்.

கன்ட்ரோல் சிஸ்டம் ஆசைதான் உங்களை இழுக்கிறது என்றால், அதற்குத் தொட்டியைவிடப் பெரிய இடம் காத்திருக்கிறது. தூத்துக்குடி அருகே வான் தீவு கடல் அரிப்பில் வெகுவாகக் கரைந்தபோது, அதைக் காப்பாற்ற செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளைக் கடலடியில் இறக்கினார்கள். அவற்றை வடிவமைத்ததில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பங்கு உண்டு. அலை எங்கே உடைய வேண்டும், மணல் எங்கே தங்க வேண்டும் என்று கணக்குப் போட்டது நம்மை மாதிரி எஞ்சினியரிங் படித்தவர்கள்தான். அதே தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002-ல் இருந்து பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறது. டெஸ்க்கில் நாம் செய்ய ஆசைப்படும் அதே வேலைதான். வித்தியாசம், அங்கே வளர்ந்தால் மீன் வரும், மீன் வந்தால் வலை போடுகிறவர் வீட்டில் அடுப்பு எரியும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இன்னும் டாபிக் பிடிக்காதவர்களுக்கு: விலை குறைந்த, உப்புத் தண்ணீரில் பல மாதம் கெடாத ஒரு வெப்ப, உவர்ப்பு சென்சார். பாசி படிந்தாலும் பொய் சொல்லாத ஒன்று. அதைச் செய்துவிட்டால் அதற்கு வேலை கொடுக்க மன்னார் வளைகுடாவில் 21 தீவு இருக்கிறது.